எலியில் தேறிய மருந்தும் மனிதனுக்கான மருந்தும்: கொத்தல ஹிம்புட்டு கற்பிக்கும் பாடம்

'நீரிழிவுக்கு மூலிகை மருந்து கண்டுபிடிப்பு' என்ற தலைப்புடன் கூடிய செய்தியொன்று வருடத்தில் சில தடவைகளாவது எமது பத்திரிகைகளில் இடம்பெறுவதை வாசகர்கள் அவதானித்திருப்பர். செய்தியின் ஐந்தாவது அல்லது ஆறாவது பந்தியில், பலர் வாசித்துச் சேராத இடத்தில், அம்மூலிகையின் சாறு ஆய்வுகூடமொன்றில் எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது என்ற ஒரு வசனம் ஒதுங்கி நிற்கும். தலைப்பில் மனிதன், உள்ளே எலி. தலைப்பை மட்டும் வாசித்த நோயாளி அன்று மாலையே நாட்டு மருந்துக் கடைக்குச் செல்கிறார். அடுத்த மாதம் வைத்தியசாலையில் கொடுத்த மாத்திரையை அரைவாசியாக்குகிறார். அதற்கடுத்த மாதம் அதையும் நிறுத்திவிடுகிறார். இந்தத் தவறில் பத்திரிகையாளர்களாகிய எமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நேர்மையானது.

இது சிறிய விடயமன்று. 2005-2006 காலப்பகுதியில் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதமானோர் நீரிழிவு நோயாளர் எனவும், அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் எனவும் தெரிவித்தது. 2018-2019 இல் நடத்தப்பட்ட தேசிய மட்ட அளவீடு வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் வரை இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக மதிப்பிட்டது. இரு கணக்கெடுப்புகளினதும் முறைகள் வேறுபட்டவையாயினும், நோய் எந்தத் திசையில் செல்கின்றது என்பதில் ஐயமில்லை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரசாங்க வைத்தியசாலைகளில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாட்டை நினைவிற் கொள்பவர்களுக்கு, வேலியோரத்து மூலிகையின் மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கை வெறும் அறியாமையின் விளைவல்ல என்பதும் புரியும். வாங்க முடியாத மருந்தை விடக் கைக்கெட்டும் வேர் மேலானதாகத் தோன்றுவது இயல்பே.

ஆகவே கேள்வி இதுதான்: ஒரு மூலிகை எலியில் பலன் தந்தது என்று ஓர் ஆய்வு கூறும்போது, அதிலிருந்து சாதாரண மனிதர் எதனை எடுத்துக்கொள்ளலாம், எதனை எடுத்துக்கொள்ளக் கூடாது? இதற்கு விடை காண்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. எமது காடுகளிலேயே வளரும் கொத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் வரலாறு போதுமானது.

ஒரு கொடியின் நாற்பதாண்டுப் பயணம்

சிங்கள மக்களால் கொத்தல ஹிம்புட்டு என்றும், சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் என்றும் அழைக்கப்படும் இக்கொடி இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இயற்கையாக வளர்வதாகும். இதன் தண்டைக் குடைந்து செய்த குவளையில் இரவில் நீரை ஊற்றி வைத்துக் காலையில் அருந்துவது நீரிழிவுக்குரிய பழைய வழக்கம். அத்தகைய மரக் குவளைகளை இன்றும் கடைகளிற் காணலாம்.

நீரிழிவுக்கு நல்லதென மக்களிடையே பெயர் பெற்ற ஏறத்தாழ நாற்பது தாவரங்கள் இலங்கையில் உள்ளன. அவற்றுட் சிலவற்றை ஆரோக்கியமான எலிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்த கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமது முடிவுகளை 1984 இல் வெளியிட்டனர். பாகல், வில்வம், கொத்தல ஹிம்புட்டு ஆகிய மூன்றினதும் நீர்க் கஷாயங்கள் எலிகளின் குருதியிலுள்ள குளுக்கோசின் அளவைக் குறிப்பிடத்தக்க வகையிற் குறைத்தன. இதில் சுவையான ஒரு விடயம் உண்டு. மூன்றினுள் முதலிடம் பெற்றது பாகல். கடைசி இடத்தைப் பெற்றதே கொத்தல ஹிம்புட்டு. ஆயினும் பிற்காலத்தில் வெளிநாட்டு ஆய்வுகூடங்களின் கவனத்தையும் வர்த்தகர்களின் கவனத்தையும் பெரிதும் ஈர்த்தது அந்தக் கடைசி இடத்துக் கொடிதான். ஆரோக்கியமான எலி இட்ட வரிசை நோயாளியான மனிதனுக்குரிய வரிசையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதனை முதற் பாடமாகக் கொள்ளலாம்.

பின்னர் இந்த ஆய்வு ஜப்பானுக்குச் சென்றது. கியோத்தோ நகரின் மருந்தியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் யோஷிகாவாவின் குழுவினர், 1997 இல் இத்தாவரத்திலிருந்து ஒரு பதார்த்தத்தைப் பிரித்தெடுத்து அதற்கு சலசினோல் எனப் பெயரிட்டனர். அடுத்த ஆண்டில் அவர்கள் அறிவித்த இன்னொரு பதார்த்தத்தின் பெயர் கொட்டலனோல். கொத்தல என்ற எமது நாட்டுச் சொல் அந்த இரசாயனப் பெயருக்குள் இன்னமும் உயிர்வாழ்கின்றது.

இப்பதார்த்தங்கள் தொழிற்படும் விதமும் தெளிவாகியது. நாம் உண்ணும் சோற்றிலும் பாணிலும் உள்ள மாப்பொருள், சிறுகுடலின் சுவரிலுள்ள நொதியங்களால் இறுதியாகக் குளுக்கோசாக உடைக்கப்பட்ட பின்னரே குருதியில் சேர்கின்றது. சலசினோல் அந்த நொதியங்களை மறிக்கின்றது. குளுக்கோஸ் மெதுவாகவே குருதியை அடைவதால் உணவுக்குப் பின்னரான திடீர் உயர்வு தணிகின்றது. வைத்தியர்கள் பயன்படுத்தும் அக்காபோஸ் என்ற மாத்திரையும் இதே வழியிலேயே தொழிற்படுகின்றது. அதாவது, உணவுடன் சேர்ந்து வேலை செய்யும் ஒரு துணைப் பொருளே இது. இன்சுலினுக்கு மாற்றீடு அன்று. இன்சுலின் ஊசியின்றி வாழ முடியாத ஒரு நோயாளி இக்கஷாயத்தை நம்பி ஊசியைக் கைவிட்டால் அது உயிராபத்தில் முடியும். இந்த ஒரு உண்மையே எத்தனையோ வீடுகளில் சொல்லப்பட வேண்டியது.

எலியிலிருந்து மனிதனுக்குச் செல்லும் படியும் எமது நாட்டிலேயே ஏறப்பட்டது. 2005 இல் வெளியான ஆய்வொன்றில் இலங்கை வைத்தியர்கள் 51 நீரிழிவு நோயாளர்களுக்கு இம்மூலிகை கலந்த தேநீரைச் சில மாதங்களும், மூலிகை கலவாத சாதாரண தேநீரைச் சில மாதங்களும் மாற்றி மாற்றிக் கொடுத்தனர். எது மூலிகைத் தேநீர் என்பது நோயாளருக்கோ பரிசோதித்தவர்களுக்கோ தெரியாத வகையில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. கடந்த சில மாதங்களின் சராசரிக் குளுக்கோஸ் நிலையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற அளவு, சாதாரண தேநீரின் பின்னர் 6.65 ஆகவும் மூலிகைத் தேநீரின் பின்னர் 6.29 ஆகவும் இருந்தது. வேறுபாடு சிறிது, ஆயினும் தற்செயலானதன்று. மரபு கூறியது முற்றிலும் கற்பனையல்ல என்பதை இது காட்டியது. அதேவேளை, மரக் குவளை நீரிழிவை 'அடியோடு மாற்றும்' என்று கூறுபவர்களுக்கு இவ்வாய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

எலி தந்த எச்சரிக்கை

இக்கொடியின் கதையில் விளம்பரங்கள் சொல்லாத ஓர் அத்தியாயம் உண்டு. கருவுற்ற தாய்மாருக்கும் நீரிழிவைக் கட்டுப்படுத்த இம்மூலிகை சில இடங்களில் கொடுக்கப்பட்டு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டபிள்யூ.டி. ரத்னசூரியவும் அவரது சக ஆய்வாளர்களும் இதன் வேர்ச்சாற்றைக் கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2003 இல் வெளியான முடிவு கவலை தருவதாக இருந்தது. சாறு கொடுக்கப்படாத எலிகளில், கருப்பையிற் பதிந்த கருக்களில் ஏறத்தாழ 5 வீதமே அழிந்தன. சாறு கொடுக்கப்பட்ட எலிகளிலோ அது 40 வீதத்தையும் தாண்டியது. பிறந்த குட்டிகளும் நிறை குறைந்தவையாக இருந்தன. அங்கவீனங்கள் காணப்படவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கர்ப்ப காலத்தில் இதனைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அவர்களின் முடிவாகும்.

இதையும் மிகைப்படுத்திக் கூறக் கூடாது. அந்த எலிகளுக்குக் கொடுக்கப்பட்டது நிறையில் ஒரு கிலோகிராமுக்கு 10 கிராம் என்ற பெரிய அளவாகும். எலியின் அளவை மனிதனுக்கு மாற்றும்போது மருந்தியலாளர்கள் அதனை ஏறத்தாழ 6 ஆல் வகுக்கின்றனர். அவ்வாறு கணித்தால் 60 கிலோகிராம் நிறையுடைய ஒரு பெண்ணுக்கு அது நாளொன்றுக்கு 100 கிராமை அண்மிக்கும். காலையில் ஒரு குவளை நீர் அருந்துபவரின் உடலில் அவ்வளவு சேராது. ஆயினும், பாதுகாப்பான அளவு எது என்று கருவுற்ற பெண்களில் எவரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை; பார்க்கவும் முடியாது. எனவே விலகியிருப்பதே விவேகமானது. இந்த எச்சரிக்கை, இம்மூலிகையை விற்கும் ஒவ்வொரு பொதியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டியது.

இங்கேதான் விலங்குப் பரிசோதனையின் உண்மையான இயல்பு புலப்படுகின்றது. எலி தரும் நற்செய்திக்கும் எலி தரும் கெட்ட செய்திக்கும் ஒரே பெறுமதி இல்லை. 'ஆபத்து' என்று எலி கூறினால் உடனே காது கொடுக்க வேண்டும். 'ஆபத்தில்லை' என்று கூறினால் மேலும் விசாரிக்க வேண்டும். 'குணமாகிறது' என்று கூறினால் இன்னும் பல மடங்கு விசாரிக்க வேண்டும்.

இதற்கு இரண்டு வரலாற்றுச் சான்றுகளைக் கூறலாம். முதலாவது தலிடோமைட். 1957 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த இந்த மாத்திரை, கர்ப்பிணிகளின் குமட்டலைத் தணிப்பதற்காகவும் பல நாடுகளிற் பயன்படுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால்கள் வளர்ச்சியடையாத நிலையிற் பிறந்த பின்னர் 1961 இல் அது அங்கு சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. பின்னர் ஆராய்ந்தபோது, முயலின் கருவைப் பாதித்த அம்மருந்து எலிகளில் அத்தகைய குறைபாடுகளை இலகுவில் ஏற்படுத்துவதில்லை எனத் தெரியவந்தது. எலியின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, மூலிகையுடன் நேரடியாகத் தொடர்புடையது. எமது வைத்தியத்தில் ஈச்சுரமூலி எனவும் சிங்களத்தில் சப்சந்த எனவும் அறியப்படும் செடி அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்திலுள்ள அமிலம் எலிகளில் புற்றுநோயை உண்டாக்குவதை ஜேர்மன் ஆய்வாளர்கள் 1980 களின் தொடக்கத்திலேயே அறிவித்தனர். அந்த எச்சரிக்கை எல்லா நாடுகளிலும் செவிமடுக்கப்படவில்லை. 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் உடல் மெலிவு நிலையமொன்றில், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்தைச் சேர்ந்த வேறொன்று தவறுதலாகக் கலந்துவிட்டது. நூறு பேர் வரையிலான பெண்களின் சிறுநீரகங்கள் பாதிக்கப்பட்டன. அவர்களுட் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோயும் ஏற்பட்டது. 'மூலிகைதானே, பக்க விளைவு இல்லை' என்று கூறுபவர்கள் இந்த வரலாற்றை ஒரு தடவை வாசித்துப் பார்க்க வேண்டும். இயற்கையில் விளைந்தது என்பதும் தீங்கற்றது என்பதும் வெவ்வேறு விடயங்களாகும். எட்டியும் இயற்கையில் விளைந்ததே.

பரிசோதனை மரபுக்கு அந்நியமானதா?

மூலிகையை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதை எமது மரபின் மீதான அவமதிப்பாகக் கருதுவோர் உள்ளனர். முன்னோர் கூறிய பின்னர் எலியிடம் கேட்பானேன் என்பது அவர்களின் வாதம். இந்த வாதம் முன்னோரின் வழக்கத்துக்கே முரணானது.

யுனானி வைத்தியத்தின் மூத்த அறிஞர்களில் ஒருவரான அர்-ராஸி, பாதரசத்தின் தன்மையை அறிவதற்காக அதனை ஒரு குரங்குக்குக் கொடுத்து அவதானித்ததாகப் பதிவுகள் உள்ளன. அவர் வாழ்ந்தது பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலாகும். அவருக்குப் பின்வந்த இப்னு சீனா 1025 ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த தமது வைத்தியப் பெருநூலில், ஒரு மருந்தைப் பரிசோதிப்பதற்கான விதிகளை வரிசையாகக் கூறியுள்ளார். மருந்து கலப்பற்றதாக இருக்க வேண்டும், பலன் மீண்டும் மீண்டும் காணப்பட வேண்டும் என்பன போன்றவை அவற்றுள் அடங்கும். இறுதியாக அவர் கூறும் விதி இன்றைய பத்திரிகை ஆசிரியர்கள் தமது மேசையில் எழுதி ஒட்டி வைக்க வேண்டியதாகும். சிங்கத்திலோ குதிரையிலோ பரிசோதித்தது மனிதனுக்குப் பொருந்தாது போகலாம். ஆகவே மனித உடலிலும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இப்னு சீனாவுக்குத் தெரிந்திருந்த வேறுபாட்டை எமது செய்தித் தலைப்புகள் இன்னமும் அறியாதிருக்கின்றன.

சித்த வைத்தியர்களும் ஒரு சரக்கைச் சுத்தி செய்யாமற் கையாள்வதில்லை. அதன் அளவும் அனுபானமும் பத்தியமும் கூறாமற் கொடுப்பதில்லை. இவை யாவும் அனுபவத்தால் திரண்ட பரிசோதனையின் பயன்களே. தலைமுறைகளின் அனுபவம் பெரியது. ஆனால் அனுபவத்துக்கும் கண்ணுக்கெட்டாத இடங்கள் உண்டு. குடித்த அன்றே வாந்தியை ஏற்படுத்தும் நஞ்சை அனுபவம் உடனே கண்டுகொள்ளும். பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சையோ, ஆரம்ப வாரங்களிற் கலைந்த ஒரு கருவையோ அந்த மருந்துடன் இணைத்துப் பார்ப்பது எந்தத் தனி வைத்தியருக்கும் கடினம். ஆய்வுகூடம் உதவ வேண்டியது இந்த இடத்திலேயே.

மரபும் ஆய்வுகூடமும் கைகோத்தால் என்ன நிகழும் என்பதைச் சீனா காட்டியது. மலேரியாவுக்கு மருந்து தேடிய டு யூயூ அம்மையார், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வைத்திய நூலொன்றில் ஒரு மூலிகையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்தெடுக்குமாறு கூறப்பட்டிருப்பதைக் கவனித்தார். கொதிக்க வைத்ததாற்றான் தமது சாறுகள் பலனிழந்தன என அவர் ஊகித்தார். குறைந்த வெப்பத்தில் எடுத்த சாறு 1971 ஒக்டோபரில் எலிகளிலிருந்த மலேரியாக் கிருமிகளை முழுமையாக ஒழித்தது. எனினும் அவர் அந்த வெற்றியோடு நின்றுவிடவில்லை. மேலும் விலங்குகளிற் பரிசோதித்து, தாமும் சக ஆய்வாளர்களும் முதலில் உட்கொண்டு பார்த்து, அதன் பின்னரே 1972 இல் நோயாளருக்குக் கொடுத்தனர். ஆர்ட்டெமிசினின் என்ற அம்மருந்து பல இலட்சம் உயிர்களைக் காப்பாற்றியது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நூலை மதித்தவரும் அவரே; அதனைக் கேள்வி கேட்டவரும் அவரே.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றை 2020 டிசம்பரில் எமது நாட்டிலேயே கண்டோம். கொரோனாவைக் குணப்படுத்தும் எனக் கூறப்பட்ட பாணி ஒன்றைப் பெறுவதற்காக, தொற்றுப் பரவிக்கொண்டிருந்த வேளையில் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அரசியல்வாதிகள் அதனை ஊடகங்களின் முன்னிலையில் அருந்தினர். அன்றைய சுகாதார அமைச்சரும் அவர்களுள் ஒருவர். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதிப்படுத்தப்பட்டது. இதனை எள்ளி நகையாடுவது எமது நோக்கமன்று. தேனும் சாதிக்காயும் எமது மரபின் நல்ல சரக்குகளே. ஆனால் எலி, மனிதன், ஒப்பீடு, எண்ணிக்கை என்ற எல்லாப் படிகளையும் தாண்டி ஒரே பாய்ச்சலில் அரசாங்கத்தின் ஆசீர்வாதத்தைப் பெற்றபோது இழிவுபட்டது சுதேச வைத்தியமேயன்றி வேறெதுவுமல்ல. தரமான சுதேச வைத்தியர்கள் பலர் அன்று மனம் வருந்தியமை இயல்பானதே.

பாதி வழியில் நின்ற பயணம்

ஆகவே எமது நாட்டின் பிரச்சினை எலிகளிற் பரிசோதிப்பது அல்ல, எலியுடன் நின்றுவிடுவதே. இளம் ஆய்வாளர் ஒருவர் ஒரு மூலிகையை எடுத்து, நஞ்சூட்டி நீரிழிவுக்குள்ளாக்கிய எலிகளில் பரிசோதித்து, பட்டம் பெற்று, கட்டுரை வெளியிட்டவுடன் அந்த விடயம் நூலகத்திற் துயில்கொள்ளச் செல்கின்றது. அவ்வாறான எலிகளின் சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்கள் இரசாயனத்தால் அழிக்கப்பட்டிருக்கும். எமது நாட்டு நோயாளரில் மிகப் பெரும்பான்மையினரின் நீரிழிவு அந்த வகையைச் சார்ந்ததன்று. எனவே அடுத்த படி அவசியமாகின்றது. அதற்குப் பணமும் காலமும் தேவை. வைத்தியசாலையும் சுதேச வைத்தியத் துறையும் ஒன்றாக அமர்வதும் தேவை. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி ஆகியவற்றையும் தன்னுள் அடக்கியது. நாவின்னவில் ஆயுர்வேத ஆராய்ச்சி நிறுவகம் இயங்குகின்றது. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவமும், கொழும்பில் யுனானியும் பல்கலைக்கழக மட்டத்திற் கற்பிக்கப்படுகின்றன. நிறுவனங்கள் இல்லை என்று கூற முடியாது. அவற்றை ஒரே நோயாளியின் கட்டிலருகே கொண்டுவரும் திட்டமே இல்லை.

நாம் பாதி வழியில் நின்றுவிட, மீதி வழியைப் பிறர் கடக்கின்றனர். இக்கொடியின் இரசாயனத்தைக் கண்டறிந்தது வெளிநாட்டு ஆய்வுகூடம். காப்புரிமைகளும் வெளிநாடுகளிற் பெறப்பட்டன. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை, பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997 இல் இந்தியா இரத்துச் செய்வித்தது. எழுதி வைத்த அறிவே அங்கு காப்பாற்றியது. மரபு அறிவைப் பயன்படுத்திக் காப்புரிமை கோருவோர் அதன் மூலத்தை வெளிப்படுத்த வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 2024 மே மாதத்தில் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் எமது வைத்தியர்களின் ஏடுகள் கறையானுக்கு இரையாகுமானால் எந்த உடன்படிக்கையும் எமக்கு உதவாது. இதற்கிடையில், அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல முயன்ற கொத்தல ஹிம்புட்டுவைச் சுங்கத்தினர் பல தடவைகள் கைப்பற்றியுள்ளனர். மருந்துக்காக எடுக்கப்படுவது வேரும் தண்டுமாகையால், ஒரு தடவை அறுவடை செய்தால் அக்கொடி பெரும்பாலும் அழிந்துவிடுகின்றது. மெதுவாக வளரும் ஒரு தாவரத்துக்கு உலகச் சந்தை ஏற்பட்டால் அதன் கதி என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பரிசோதனைக்குள்ளாகும் அந்த வாயில்லாச் சீவனைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். சைவர்களும் முஸ்லிம்களும் சரி, பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் சரி, காரணமின்றி ஓர் உயிரை வதைப்பதை எந்தச் சமயத்தினரும் ஏற்பதில்லை. விலங்குகளுக்குப் பதிலாக வேறு வழிகளைக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல் என்ற மூன்று நெறிகளை 1959 இலேயே பிரித்தானிய அறிஞர்களான ரசலும் பர்ச்சும் வகுத்துக் கொடுத்தனர். ஒரே மூலிகையை ஒரே முறையில் பத்து ஆய்வாளர்கள் பத்துத் தடவை எலிகளிற் பரிசோதித்து, பத்தையும் கிடப்பில் போடுவது அந்த நெறிகளுக்கு மாறானது. பயன்படுத்தப்படாத ஆய்வு என்பது அந்த எலிகளுக்கும் இழைக்கப்படும் அநீதியே.

செய்யக்கூடியவை அதிகமில்லை, ஆனால் அவசரமானவை. எலியில் நடந்ததை எலியில் நடந்ததாகவே முதல் வசனத்தில் எழுதுவதற்குப் பத்திரிகைகள் பழகிக்கொள்ள வேண்டும். மூலிகை உட்கொள்வதாகக் கூறும் நோயாளியை மேலைத்தேய வைத்தியர்கள் கடிந்துகொள்ளாமல், என்ன, எவ்வளவு, எப்போதிருந்து என்று விசாரிக்க வேண்டும். கடிந்துகொண்டால் அடுத்த தடவை அவர் மறைத்துவிடுவார். மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து குளுக்கோசை அளவுக்கு மீறிக் குறைத்தால் மயக்கம் வரும். அதன் காரணம் அப்போது எவருக்கும் தெரியாது. சுதேச வைத்தியர்களும் தம்மிடம் வருவோரிடம் வைத்தியசாலை மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. எலியிலும் சிறிய மனித ஆய்விலும் தேறிய ஒரு சில மூலிகைகளையேனும் தெரிந்தெடுத்து, போதிய எண்ணிக்கையான நோயாளர்களிடம் போதிய காலம் பரிசோதிப்பதற்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும்.

வாசகரிடம் நாம் கேட்பது இன்னும் எளிமையானது. இன்று மாலை வீட்டில் மரக் குவளையில் நீர் ஊற்றி வைப்பவர் அதனைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் பக்கத்திலிருக்கும் மாத்திரைப் பெட்டியையும் மூடி வைக்க வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் இரண்டையும் பற்றி வைத்தியரிடம் மறைக்காமற் கூறட்டும். வீட்டில் கருவுற்ற பெண் இருப்பாராயின் அந்தக் குவளை அவரது கைக்குச் செல்லாதிருக்கட்டும். எலிகள் தமது குட்டிகளை இழந்து எமக்குச் சொல்லித் தந்த செய்தி அது.